குறை நம் மனத்தில் இல்லை

"மனசு வெச்சா முடியும்." கெடாவில் கோயில் மண்டபத்திலோ தமிழ்ப்பள்ளியிலோ ஞாயிற்றுக்கிழமை தன்முனைப்பு முகாம் எங்கே நடந்தாலும் இதைச் சொல்லாமல் கூட்டம் கலைவதில்லை. குடியை விட முடியவில்லையா, மன உறுதி போதாது. இனிப்பு நீர் ஏறிக்கொண்டே போகிறதா, வாயைக் கட்டத் தெரியவில்லை. பையன் படிப்பில் பின்தங்குகிறானா, வீட்டில் நல்ல பழக்கம் இல்லை. பேசுகிறவர் பெரும்பாலும் நல்ல எண்ணம் உள்ளவர். அவரே ஏதோ ஒரு தோட்டத்து லயத்தில் பிறந்து முட்டி மோதி மேலே வந்தவராகவும் இருப்பார். அதனால்தான் அவர் சொல்வதைக் கேட்டு மண்டபமே தலையாட்டுகிறது. தலையாட்டியவர்கள் திங்கட்கிழமை அதே வேலைக்கும் அதே வீட்டுக்கும் திரும்புகிறார்கள். எடுத்த உறுதி இரண்டு மூன்று நாளில் உடைகிறது. உடைந்ததற்கும் தாங்களேதான் காரணம் என்று முடிவு கட்டிக்கொள்கிறார்கள். இந்தப் போதனை பிழையானது என்பதோடு நான் நிறுத்த மாட்டேன். நம் மக்களுக்கு இது தீங்கு செய்கிறது.

முகாமில் சொல்லப்படும் வரிசை இது: முதலில் மன உறுதி வேண்டும், உறுதியால் நல்ல பழக்கம் வரும், பழக்கத்தால் நலவாழ்வு வரும். இந்த வரிசை தலைகீழானது. உடம்புக்கு ஓய்வும் கைக்குக் கொஞ்சம் காசும் நாளுக்கு ஓர் ஒழுங்கும் இருக்கிற இடத்தில்தான் பழக்கம் வேர் பிடிக்கிறது. மன உறுதி என்று நாம் வியக்கிற குணம் பெரும்பாலும் அதற்குப் பிறகு விளைவது. இதை நான் புத்தகத்திலிருந்து மட்டும் சொல்லவில்லை. கெடாத் தோட்டங்களின் வரலாறு முழுக்க இதற்குச் சாட்சி இருக்கிறது.

தமிழன் என்றால் குடிகாரன் என்ற பழிச்சொல் இந்த நாட்டில் இன்னும் சாகவில்லை. நம்மவர்களே அதை மேடையில் சொல்கிறார்கள். ஆனால் ஆங்கிலேயர் காலத்துத் தோட்டத்தில் கள்ளுக்கடை தானாக முளைத்தா வந்தது? அரசாங்கம் உரிமம் கொடுத்தது, தோட்ட நிர்வாகம் கடையை நடத்தியது, கிடைத்த லாபம் தொழிலாளர் நல நிதிக்குப் போனது. தொழிலாளியின் நலனுக்கான பணமே அவன் குடித்தால்தான் சேரும் என்ற ஏற்பாடு அது. அவனுடைய நாளையும் பாருங்கள். விடியுமுன் பெரட்டு. பிறகு மரத்துக்கு மரம் ஓடி வெட்டு. மங்கிலிருந்து பாலைச் சேகரித்து, ஸ்டோரில் நிறுத்துக் கொடுத்துவிட்டு லயத்துக்குத் திரும்பும்போது வெயில் உச்சிக்கு வந்திருக்கும். அதற்குப் பிறகு ஒரு நீண்ட மாலை. படிக்க நூல்நிலையம் கிடையாது, டவுனுக்குப் போய்வரக் காசு கிடையாது, மேலே போக வேறு வேலையும் கிடையாது. நடந்து போகிற தூரத்தில் நாலு பேரோடு உட்கார்ந்து பேசக்கூடிய ஒரே இடம் அந்தக் கடை. அங்கே போனவனின் மன உறுதியை அளக்கப் புறப்படுகிறவர்கள், கடையை அங்கே கொண்டுவந்து வைத்தவனின் கணக்குப் புத்தகத்தை முதலில் புரட்டட்டும்.

இதை அன்றைய தொழிலாளர்கள் நம்மைவிடத் தெளிவாகப் புரிந்துகொண்டிருந்தார்கள். 1941 இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் வேலைநிறுத்தம் வெடித்தபோது, கூலி உயர்வோடு கள்ளுக்கடைகளை மூட வேண்டும் என்பதும் கோரிக்கைப் பட்டியலில் இருந்தது. போருக்குப் பிறகு அந்தக் கோரிக்கை கெடாவில் ஓர் இயக்கமாகவே எழுந்தது. பீடோங்குக்குப் பக்கத்தில் ஹார்வர்ட் தோட்டத்தில் ஏ. எம். சாமி என்பவர் தலைமையில் தொண்டர் படை உருவானது. இந்திய தேசிய ராணுவத்தில் இருந்து திரும்பிய இளைஞர்கள் அதில் சேர்ந்தார்கள். அணிவகுப்பு நடத்தினார்கள், லயங்களைச் சுத்தமாக வைத்துக்கொள்ளச் சொன்னார்கள், கள்ளுக்கடை வாசல்களில் மறியல் செய்தார்கள். தோட்டத்துக்குத் தோட்டம் படை பரவியது.

அதற்குக் கிடைத்த பதில் என்ன? 1947 பிப்ரவரி இறுதியில் பீடோங்கில் கள்ளுக்கடைக்கு எதிராகத் திரண்ட கூட்டத்தைப் போலீஸ் அடித்துக் கலைத்தது. ஒரு தொழிலாளி உயிரிழந்தார். மார்ச் தொடக்கத்தில் புக்கிட் செம்பிலான் தோட்டத்துக்குள் போலீஸ் புகுந்தது. பலர் காயமடைந்தார்கள், பலர் கைதாகிச் சிறைக்குப் போனார்கள். ஏப்ரலில் டப்ளின் தோட்டத்தில் துப்பாக்கிச் சூடு, மேலும் ஓர் உயிர். கூலிச் சண்டையும் சங்க உரிமையும் இந்த மோதல்களில் கலந்திருந்தன என்பது உண்மை. ஆனால் தொடக்கப் புள்ளிகளில் ஒன்று கள்ளுக்கடை. குடிக்க மாட்டோம், கடையை மூடு என்று சொன்ன தமிழர்கள்மேல் தடியும் குண்டும் பாய்ந்த மண் இது. இந்த மண்ணில் நின்றுகொண்டு நம்மவர்களுக்கு மன உறுதி போதாது என்று பேச எப்படி மனம் வருகிறது?

இங்கே ஒன்றை மறைக்கக் கூடாது. தொண்டர் படை குடித்தவர்களைக் கட்டிவைத்துத் தண்டித்ததும் உண்டு. அதை நான் நியாயப்படுத்தவில்லை. கடை வாசலில் நின்றபோது அவர்கள் சரியான இடத்தில் நின்றார்கள். குடித்தவனைக் கட்டிப்போட்டபோது, குற்றம் அவன் மனத்தில்தான் என்று நிர்வாகம் நினைத்ததையே அவர்களும் நினைத்தார்கள். இன்னொன்றும் சொல்ல வேண்டும். பின்னாளில் தோட்டத்துக் கள்ளுக்கடைகள் மெல்ல மறைந்தன. குடி மறையவில்லை. மலிவு விலைச் சம்சு சின்னச் சின்னப் போத்தல்களில் வந்து அந்த இடத்தைப் பிடித்தது. பினாங்கு பயனீட்டாளர் சங்கம் அதை எதிர்த்துப் பல ஆண்டுகள் குரல் கொடுத்தது. பார்த்தீர்களா, கடையை மூடினாலும் குடிக்கிறார்களே என்று இதையே சிலர் எனக்கு எதிராகக் காட்டுவார்கள். கடை போயிற்று. அந்த நீண்ட வெற்று மாலையும், முதுகு வலியும், நாளைக்கு மழை பெய்தால் வெட்டு இல்லை, வருமானமும் இல்லை என்ற பயமும் போனதா? அவை அப்படியே இருந்தன. கள் இருந்த பள்ளத்தைச் சம்சு நிரப்பியது.

உடம்பின் நிலையை மனத்தின் குறையாகப் படிப்பது தோட்டத் துரைமார் காலத்து நோய். நூறாண்டுக்கு முன் மலாயாத் தோட்டங்களில் மலேரியாவும் குடற்புழுவும் தொழிலாளர் உடம்பை உறிஞ்சிக்கொண்டிருந்தன. இரத்தம் சுண்டிய மனிதன் மெதுவாக நடந்தால் அவனுக்குச் சோம்பேறி என்று பெயர். 1901 முதல் கிள்ளானில் டாக்டர் மால்கம் வாட்சன் சதுப்பு நீரை வடியவிட்டு மலேரியாவைக் கட்டுப்படுத்திக் காட்டினார். எழுந்து நின்று வேலை செய்தவர்களுக்கு யாரும் தன்முனைப்புப் பாடம் எடுக்கவில்லை, காய்ச்சல் குறைந்தது. சோம்பேறிச் சுதேசி என்பது காலனி ஆட்சி தன் வசதிக்காகக் கட்டிய கதை என்று சையத் ஹுசேன் அலாத்தாஸ் 1977 இல் ஒரு நூலே எழுதி நிறுவினார். மலாய்க்காரர்கள்மேல் சுமத்தப்பட்ட பழியை அவர்கள் அறிஞர் துடைத்தார். நாம் நம்மேல் சுமத்தப்பட்ட பழியை நம் மேடைகளிலேயே ஒலிபெருக்கி வைத்துச் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

இப்போது லயம் குறைந்துவிட்டது. கித்தா மரங்கள் செம்பனைக்கும் வீடமைப்புத் திட்டங்களுக்கும் இடம் விட்டன. தோட்டத்துக் குடும்பங்கள் சுங்கைப் பட்டாணி, கூலிம், பாடாங் செராய், லூனாஸ் தாமான்களுக்கு வந்துவிட்டன. 1996 இல் கூலிம் ஹைடெக் பார்க் திறந்தது. நம் பிள்ளைகள் பலர் பெரட்டுக்குப் பதிலாகத் தொழிற்சாலை பஸ் ஏறுகிறார்கள். குடிக்குச் சமமாக இப்போது பேசப்படுவது இனிப்பு நீர். 2019 இல் நடந்த தேசிய சுகாதார ஆய்வின்படி இந்நாட்டுப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. இனவாரியாகப் பார்த்தால் இந்தியர்களிடம்தான் அது அதிகம். உடனே மேடைக்கு ஒரு புது வாக்கியம் கிடைத்துவிட்டது: "தினமும் அரை மணி நேரம் நடக்கக்கூட உங்களுக்கு மனசு இல்லையா?"

பன்னிரண்டு மணி நேர ஷிப்டில் வேலை செய்யும் ஒரு பெண்ணின் நாளை எடுத்துக்கொள்வோம். ஏழு மணி வேலைக்கு ஐந்தே முக்காலுக்கு பஸ் வரும். அதற்கு முன் பிள்ளைக்குச் சோறு கட்ட வேண்டும். நாலரைக்கு எழுந்தால்தான் ஆகும். வேலை முழுக்க நின்றபடி. இடைவேளை குறைவு, கேண்டீனில் பொரித்ததும் இனிப்புத் தேத்தண்ணியும் கைக்கெட்டும் விலையில் இருக்கும். மாலை பஸ் தாமானுக்குள் விடும்போது எட்டு மணி. தெருவில் நடைபாதை இல்லை, விளக்குகளில் பாதி எரியவில்லை, நாய்த் தொல்லை வேறு. சமையல், துணி, பிள்ளையின் வீட்டுப்பாடம். படுக்கும்போது பதினொன்று தாண்டும். இப்படிச் சில நாள் போனதும் அட்டவணை புரண்டு இரவு ஷிப்ட் வரும். பகலில் தகரக் கூரை கொதிக்க, பக்கத்து வீட்டு ரேடியோ பாட, அரைத்தூக்கம். இந்த நாளில் அந்த அரை மணி எங்கே இருக்கிறது என்று பேச்சாளர் விரல் வைத்துக் காட்டட்டும். காலையில் எழுந்து, தன்னைத் தவிர எல்லாருக்கும் வேண்டியதைச் செய்துவிட்டு, காய்ச்சலிலும் பஸ்ஸைத் தவறவிடாத அந்தப் பெண்ணிடம் உறுதி இல்லை என்று சொல்ல நமக்கு நா கூச வேண்டும். அவளுடைய உறுதி முழுவதும் காலை ஐந்தே முக்காலுக்கே செலவாகிவிடுகிறது.

முகாம்களில் அறிவியல் பெயரால் சொல்லப்படும் இரண்டு செய்திகளையும் சரிபார்த்துவிடலாம். இருபத்தொரு நாள் விடாமல் செய்தால் எதுவும் பழக்கமாகிவிடும் என்பது ஒன்று. 1960 இல் மேக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற அமெரிக்க அறுவைச் சிகிச்சை மருத்துவர், தன் நோயாளிகள் மாறிய முகத்துக்குப் பழக ஏறக்குறைய அத்தனை நாள் ஆவதாக எழுதியதிலிருந்து அது கிளம்பியது. லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ் ஆய்வாளர்கள் 96 பேரைப் பின்தொடர்ந்து உண்மையாகவே அளந்தபோது, சிலருக்கு 18 நாளில் பழக்கம் படிந்தது, சிலருக்கு 254 நாள் ஆகும் என்று கணக்கு வந்தது. நடுவிலிருந்த எண் 66. அந்த ஆய்வில் எனக்கு முக்கியமாகப் படுவது நாள் கணக்கைவிட வேறொன்று. ஒவ்வொருவரும் தாங்கள் தேர்ந்துகொண்ட செயலைத் தினமும் நிகழும் ஒரு வேளையோடு கட்டிக்கொண்டார்கள். காலை உணவுக்குப் பிறகு, இரவுச் சாப்பாட்டுக்கு முன் என்று. பழக்கத்துக்கு அப்படி ஒரு முளைக்கம்பு வேண்டும். சுழலும் ஷிப்டில் இருப்பவருக்குக் காலை உணவே இந்த வாரம் காலையிலும் அடுத்த வாரம் மாலையிலும் வருகிறது. எதில் கட்டுவது?

இரண்டாவது, மன உறுதி ஒரு தசை, பயிற்சி கொடுத்தால் ஏறும் என்பது. 1998 இல் பிரபலமான ஓர் ஆய்வுமுறையிலிருந்து வளர்ந்த எண்ணம் இது. 2016 இல் 23 ஆய்வுக்கூடங்கள் சேர்ந்து, இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை வைத்து அதன் அடிப்படையைச் சோதித்துப் பார்த்தன. எதிர்பார்த்த விளைவு ஏறக்குறைய இல்லை என்றே தெரிந்தது.

தமிழ்நாட்டிலேயே நடந்த ஆய்வுகள் இருக்கின்றன. நம் மேடைகளில் அவற்றை யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. விழுப்புரம், திருவண்ணாமலைப் பக்கத்துக் கரும்பு விவசாயிகள் 464 பேரை அறுவடைக்கு முன் ஒரு முறையும் அறுவடைப் பணம் வந்த பிறகு ஒரு முறையும் சோதித்தார்கள். முடிவுகள் 2013 இல் வெளியாயின. கடனும் கவலையும் நெருக்கிய மாதங்களில் அவர்களுடைய யோசிக்கும் திறனும் தன்னைக் கட்டுப்படுத்தும் திறனும் இறங்கியிருந்தன. பணம் வந்ததும் ஏறின. ஆள் அதே ஆள். இடையில் அவர்களுக்கு யாரும் போதனை செய்யவில்லை. சென்னையில் ஏழை உழைப்பாளிகள் 452 பேரிடம் தூக்கம் பற்றி நடத்திய இன்னோர் ஆய்வு 2021 இல் வந்தது. இரவில் படுக்கையில் எட்டு மணி நேரம் கிடந்தாலும் ஐந்தரை மணி நேரம்தான் தூங்கினார்கள். வெக்கை, கொசு, இரைச்சல். ஆலோசனையும் பொருளும் கொடுத்து வீட்டில் தூங்கும் நேரத்தைக் கிட்டத்தட்ட அரை மணி கூட்டியும் வேலையில் பலன் தெரியவில்லை. வேலையிடத்தில் அமைதியான இடம் ஒதுக்கிப் பகலில் சற்று நேரம் தூங்கவிட்டபோது வேலையும் மேம்பட்டது, மனநிலையும் மேம்பட்டது. அறிவுரையால் முடியாததை ஓர் அறையும் ஒரு பாயும் செய்தன.

"அப்படியானால் தைப்பூச விரதம் எப்படி?" என்று கேட்பார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். தினமும் குடிக்கிற ஆள் மாலை போட்டுக்கொண்டால் நாற்பத்தெட்டு நாள் தொடுவதில்லை. கெடாவிலிருந்து பினாங்கு தண்ணீர்மலைக்குக் காவடி எடுக்கப் போகிறவர்களில் இப்படிப்பட்டவர்கள் எத்தனை பேர்! இது மன உறுதி இல்லையா? அந்த நாற்பத்தெட்டு நாளும் அவரைச் சுற்றி என்ன நடக்கிறது என்று பாருங்கள். வீட்டு அடுப்பில் மச்சம் ஏறுவதில்லை. கழுத்தில் மாலை கிடப்பதால் கூட்டாளிகள் கிளாஸை நீட்டுவதில்லை, "சாமி" என்று மரியாதையாக ஒதுங்குகிறார்கள். மாலையில் போக ஓர் இடம் இருக்கிறது, கோயில். பஜனைக்கு ஆள் இருக்கிறது. எந்த நாளில் முடியும் என்பதும் தெரியும். மனைவி மக்கள் அவரைப் பெருமையாகப் பார்க்கிறார்கள். விரதம் முடிந்து மாலையைக் கழற்றியதும் இவை அத்தனையும் ஒரே நாளில் கழன்றுவிடுகின்றன. அடுத்த வாரம் அவர் பழைய மேசைக்குத் திரும்பினால், உறுதி போய்விட்டது என்கிறோம். போனது அவரைத் தாங்கிப் பிடித்திருந்த ஏற்பாடு. நம் முன்னோர் விரதத்தைத் தனி ஆளின் வீம்பாக வைக்கவில்லை, ஊரும் வீடும் சேர்ந்து சுமக்கிற காரியமாக வைத்தார்கள்.

சேமிப்பிலும் இதே கதைதான். தோட்டத் தமிழனுக்குக் காசைப் பிடித்துவைக்கத் தெரியாது, சம்பள நாளிலேயே கரைத்துவிடுவான் என்பது பழைய வசை. சுதந்திரத்துக்குப் பிறகு வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை விற்றுவிட்டுக் கிளம்பின. வாங்கியவர்கள் துண்டுபோட்டார்கள். தொழிலாளர்கள் தெருவுக்கு வந்தார்கள். 1960 இல் துன் வீ. தி. சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கித் தோட்டம் தோட்டமாக நடந்தார். மாதம் பத்து வெள்ளியாகக் கட்டிப் பங்கு சேருங்கள் என்றார். சேமிக்கத் தெரியாதவர்கள் என்று பெயர் வாங்கிய அதே மக்கள் கட்டினார்கள். அடுத்த ஆண்டே சங்கம் தன் முதல் தோட்டத்தை வாங்கியது. அது இந்தக் கெடாவில் உள்ள புக்கிட் சீடிம். பணத்தைத் தேடி வந்து வாங்க ஆள் இருந்தது, பக்கத்து வீட்டுக்காரனும் கட்டினான், எதற்காகக் கட்டுகிறோம் என்பது கண்ணுக்குத் தெரிந்தது, கட்டிய பணம் போய்விடாது என்று நம்ப ஒரு தலைவர் இருந்தார். பழக்கம் வந்துவிட்டது.

எனக்கு எதிராகச் சொல்லக்கூடிய வலுவான வாதம் ஒன்று உண்டு. எல்லாவற்றுக்கும் சூழ்நிலையைக் காரணம் சொன்னால் தனி மனிதன் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட மாட்டானா? அதே லயத்திலிருந்து டாக்டரும் வக்கீலும் வந்தார்களே? வந்தார்கள். அவர்கள் உழைப்பை நான் மதிக்கிறேன். ஆனால் அவர்கள் கதையைக் கேட்டால் அதில் ஓர் ஆசிரியர் இருப்பார், தன் பங்குச் சோற்றைக் கொடுத்த ஓர் அக்காள் இருப்பாள், டவுனில் தங்க இடம் கொடுத்த ஒரு மாமா இருப்பார். மேடை ஏறும்போது இவர்கள் எல்லாரும் கதையிலிருந்து விழுந்து, "நான் மனசு வெச்சேன்" என்பது மட்டும் மிஞ்சுகிறது. அப்படி யாரும் வாய்க்காத பையனுக்கு அந்தக் கதை என்ன சொல்கிறது? உன்னிடம் ஏதோ குறை என்று சொல்கிறது. அதைக் கேட்டுத்தான் அவன் கையைக் கட்டிக்கொண்டு உட்காருகிறான். உறுதி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. இருக்கிற உறுதியை எங்கே செலவழிப்பது என்பதுதான் கேள்வி. தொண்டர் படை அதைக் கள்ளுக்கடை வாசலில் செலவழித்தது. சம்பந்தனோடு நடந்தவர்கள் நிலம் வாங்கச் செலவழித்தார்கள். நாம் அதை இரவு பதினொரு மணிக்கு, களைத்துப்போன ஒரு தனி மனிதன் தன்னோடு மல்லுக்கட்டுவதில் செலவழிக்கச் சொல்கிறோம்.

ஆகவே கோயில் நிர்வாகங்களையும் இயக்கங்களையும் பெற்றோர் சங்கங்களையும் கேட்டுக்கொள்கிறேன். அடுத்த தன்முனைப்பு முகாமுக்கு ஒதுக்கிய பணத்தை ஓர் ஆண்டு நிறுத்திவையுங்கள். உங்கள் தாமானில் எந்தத் தெருவிளக்கு எரியவில்லை என்று எழுதி நகராண்மைக் கழகத்துக்குக் கொண்டுபோய்க் கொடுங்கள், எரியும்வரை விடாதீர்கள். கோயில் மண்டபத்தை ஷிப்ட் முடிந்து வருகிறவர்கள் நடக்கவும் உட்கார்ந்து பேசவும் மாலையில் திறந்துவையுங்கள். அன்னதானத்தில் சர்க்கரைத் தண்ணீரை நிறுத்துங்கள். வேலை நாளில் கிளினிக்குக்குப் போக முடியாதவர்களுக்காக ஞாயிற்றுக்கிழமை இரத்தப் பரிசோதனைக்கு ஏற்பாடு செய்யுங்கள். பள்ளிக்கூட வாசலுக்குப் பக்கத்தில் மலிவுச் சாராயம் விற்கும் கடை இருந்தால் அதன் உரிமம் புதுப்பிக்கப்படும் முன் ஆட்சேபம் எழுதுங்கள், பத்துப் பேராகப் போய்க் கொடுங்கள். தொழிற்சாலையில் வேலை செய்யும் நம் பிள்ளைகளைத் தொழிற்சங்கத்தில் சேரச் சொல்லுங்கள், ஷிப்ட் அட்டவணையைப் பற்றி அங்கே பேசச் சொல்லுங்கள். அதன் பிறகும் யாருக்காவது மன உறுதி போதவில்லை என்று தோன்றினால், அப்போது வந்து பேசுங்கள், உட்கார்ந்து கேட்கிறேன்.